தன்னார்வலர்கள் ஏன் நிலைப்பதில்லை? அமைப்பு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இது: ஒரு தொண்டு அமைப்பில் பலர் ஆர்வமாகச் சேர்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பாதிப்பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். சட்டை, சான்றிதழ், ஆண்டுக்கொரு பாராட்டு விழா எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இனி என்ன செய்தால் நிலைப்பார்கள்?

நின்றுபோனவரிடம் மனம்விட்டுப் பேசிப் பாருங்கள். "எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை" என்ற குறை அரிதாகத்தான் வரும். "வரச் சொன்னார்கள், போனால் வேலை இல்லை, இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்", "யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை", "நான் செய்து கொடுத்ததை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை" என்பவைதான் வழக்கமாக வரும். மூன்றுமே நேரத்தைப் பற்றிய புகார். பணமாக நன்கொடை வந்தால் ரசீது போடுகிறோம், கணக்கு எழுதுகிறோம், தணிக்கை செய்கிறோம். அதே நன்கொடை நேரமாக வந்தால் எந்தக் கணக்கும் கிடையாது. வீணானதே கண்ணில் படுவதில்லை. கோளாறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எனவே ஆள் சேர்ப்பதற்கு முன்னால் வேலையைத் தயார் செய்யுங்கள். "ஆட்கள் வரட்டும், பிறகு ஏதாவது கொடுக்கலாம்" என்பது தலைகீழ் வரிசை. ஒவ்வொரு பணிக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்த வேலை இன்னும் ஆளை அழைக்கும் நிலைக்கு வரவில்லை என்று பொருள். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூலை ஒலிப்பதிவு செய்யும் பணி என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருக்கலாம்:

பணி: 8ஆம் வகுப்பு அறிவியல் நூலில் 3 பாடங்களை வாசித்துப் பதிவு செய்வது.
நேரம்: வாரம் 2 மணி, வீட்டிலிருந்தே, 10 வாரம்.
தேவை: ஸ்மார்ட்போன், கதவு சாத்தக்கூடிய அறை, பதிவின்போது மின்விசிறி நிறுத்தம்.
முறை: பக்க எண்ணைச் சொல்லித் தொடங்க வேண்டும். படத்தைத் தாண்டிப் போகாமல் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொந்த விளக்கம் சேர்க்கக் கூடாது.
முதல் படி: 5 நிமிட மாதிரிப் பதிவு, 3 நாளில் திருத்தம் சொல்லப்படும்.
சந்தேகம் கேட்க: பொறுப்பாளர் பெயர், எண், பேசக்கூடிய நேரம்.
முடிந்ததற்கு அடையாளம்: பாடத்துக்கு ஒரு கோப்பு, சரிபார்ப்பவரின் ஒப்புதல்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த 5 நிமிட மாதிரி. அது இல்லாவிட்டால் நடப்பது இதுதான்: ஆர்வமுள்ளவர் இரண்டு வாரம் உட்கார்ந்து மூன்று மணி நேரப் பதிவை அனுப்புவார். மைக் வாயருகே இருந்ததால் ஒவ்வொரு 'ப'வும் வெடித்திருக்கும், பின்னால் மின்விசிறி இரைந்திருக்கும், படங்கள் விட்டுப் போயிருக்கும். மாணவர்களுக்குக் கொடுக்க முடியாது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வராது. "ரொம்ப நன்றி, அருமை" என்று பதில் போய்விடும். கோப்பு ஒரு மூலையில் கிடக்கும். ஆறு மாதம் கழித்து அவருக்கே தெரியவரும்போது அவர் போவது மட்டுமல்ல, நான்கு பேரிடம் சொல்லிவிட்டும் போவார். இரக்கத்தால் சொல்லாமல் விட்டது கடைசியில் அவமதிப்பாக முடிகிறது. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவுப் பதிவு, பாடம் எடுத்தல் எதுவானாலும் முதல் சிறு துண்டை உடனே பார்த்துத் திருத்தம் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது, சேர விரும்புகிறவருடன் பேசுவது. விண்ணப்பம் வந்த 3 நாளுக்குள் ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து அழைத்தால் பாதி ஆர்வம் போயிருக்கும். 20 நிமிட உரையாடல் போதும். ஏன் வருகிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் முதலிய உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் தன்னார்வத்துக்கு ஆறு வகையான தூண்டுதல்களைப் பிரித்துக் காட்டினார்கள்: தன் கொள்கைக்காகச் செய்வது, புதிதாகக் கற்பது, தொழிலுக்கு உதவும் அனுபவம், நண்பர் வட்டம், தன்மதிப்பு, சொந்தக் கவலைகளிலிருந்து சற்று விலகியிருப்பது. யாருக்கு எது தூண்டுதலோ அது கிடைக்கும் வேலையில் அவர் மனநிறைவோடு இருப்பார் என்பது அந்த ஆய்வின் சாரம். நடைமுறையில் இதைத் தவறவிடும் இடம் தெரிந்ததுதான். கணக்காளர் ஒருவர் சேர்ந்தால் அவர் கையில் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவோம். அவரோ வாரம் ஆறு நாள் எண்களோடு மல்லுக்கட்டியது போதும் என்று, பிள்ளைகளோடு இருக்கலாம் என வந்திருப்பார். முகதாட்சண்யத்தில் ஒப்புக்கொண்டு மாதக் கடைசியில் காணாமல் போவார். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் சம்பந்தப்பட்ட பணியானால் இந்தக் கட்டத்தில் தளர்வே கூடாது. அடையாள ஆவணம், உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரை, அந்த நாட்டுச் சட்டம் கேட்கும் பின்னணிச் சோதனை, குழந்தையோடு எந்தப் பெரியவரும் பிறர் கண்ணில் படாமல் தனித்திருக்கக் கூடாது என்ற விதி, அலைபேசியில் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது என்ற விதி, இத்தனையும் வேண்டும். "இவர் தலைவருக்குத் தெரிந்தவர்தானே" என்ற விலக்குத்தான் ஆபத்து நுழையும் வாசல். நல்ல எண்ணத்தோடு வருகிறவர் இந்தச் சோதனைகளால் மனம் நோக மாட்டார். எல்லோருக்கும் பொது என்பதைச் சொன்னாலே போதும். ஆதரவற்றோர் இல்லங்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இரண்டு வாரம் வந்து கொஞ்சிவிட்டுப் போகிறவர்களால் ஒட்டுதலும் பிரிவும் மாறி மாறி வந்து குழந்தைகள்தான் பாதிக்கப்படுகிறார்கள். குறுகிய காலத்துக்கு வருகிறவர்களைக் கட்டடம், தோட்டம், அலுவலக வேலைகளுக்கு அனுப்புங்கள். குழந்தைகளோடு நேரடிப் பழக்கம் நீண்ட காலம் வருகிறவர்களுக்கு மட்டும்.

முதல் நாள். இங்கேதான் பெரும்பாலான அமைப்புகள் கோட்டை விடுகின்றன. நிறுவனரின் வாழ்க்கை வரலாறு, 80 ஸ்லைடு, மூன்று மணி நேரம். அதற்கு 'அறிமுக வகுப்பு' என்று பெயர். வந்தவருக்கு வேண்டியது வேறு: தன் பெயர் தெரிந்த ஒருவர் வாசலில் இருப்பது, பை வைக்க இடம், தண்ணீரும் கழிப்பறையும் எங்கே, அவசரமானால் எந்த வழியாக வெளியேறுவது, யாரிடம் என்ன கேட்பது. இதற்கு 15 நிமிடம். அடுத்து 15 நிமிடம் வேலை பற்றி. பிறகு அன்றே தொடங்கி அன்றே முடியும் ஒரு வேலை. கடைசி 10 நிமிடம், "எது புரியவில்லை, எது சரியாக இல்லை?" என்று கேட்பது. இரண்டு நாளுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு, அடுத்த தேதியை உறுதிசெய்ய. முதல் நான்கு வருகையை இரு தரப்புக்கும் சோதனைக்காலம் என்று முன்பே சொல்லிவிட்டால், பிடிக்காதவர் கூச்சமில்லாமல் விலகலாம். நீங்களும் வேறு பணிக்கு மாற்றலாம்.

ஒவ்வொரு தன்னார்வலருக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரே பொறுப்பாளர் இருக்க வேண்டும். 'அலுவலகத்தில் யாரையாவது கேளுங்கள்' என்பது யாருமில்லை என்பதற்குச் சமம். வேறு வேலையும் பார்க்கும் ஒருவரால், வாராவாரம் வருகிற 8 முதல் 10 பேரை ஒழுங்காகக் கவனிக்க முடியும். அதற்கு மேல் போனால் அழைப்புகள் தவறும், அட்டவணை குழம்பும். 30, 40 பேர் என்றால் அது ஒருவருக்கு அரைநாள் வேலையாவது ஆகிவிடும், அதற்கு ஊதியம் ஒதுக்கியாக வேண்டும். தன்னார்வலர் இலவசம் என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒருங்கிணைப்பாளர் ஊதியம், பயிற்சி, பொருட்கள், பயணச் செலவு, விபத்துக் காப்பீடு என்று நிதிநிலைத் திட்டத்தில் தனித் தலைப்பே வேண்டும். நிதி தருகிறவர்களிடம் விண்ணப்பிக்கும்போதும் இதை மறைக்காமல் எழுதுங்கள்.

செலவைத் திருப்பித் தருவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேருந்துக் கட்டணம், அச்செடுத்த செலவு, அலைபேசி டேட்டா போன்றவை தன்னார்வலர் பையிலிருந்து போகக் கூடாது. என்னென்ன செலவு, எவ்வளவு வரை என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். படிவம் ஒரு பக்கம். ரசீது கிடைக்காத சிறு செலவுக்குக் கையெழுத்து போதும். 7 நாளில் பணம். "பணம் வேண்டுமா?" என்று ஆளைப் பார்த்துக் கேட்காதீர்கள். கேட்டால் "பரவாயில்லை, வேண்டாம்" என்றுதான் வரும். அப்படிச் சொன்னவர்களில் வசதி இல்லாதவர்கள் சத்தமில்லாமல் குறைந்து, கடைசியில் வசதி உள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். எல்லோரும் படிவம் நிரப்புவது, வேண்டாதவர் பணத்தைப் பெற்றுத் திரும்ப நன்கொடையாகத் தருவது என்று வைத்தால் யாருக்கும் சங்கடமில்லை, உண்மையான செலவும் கணக்கில் ஏறும். இன்னொரு எச்சரிக்கை: உண்மைச் செலவைப் பார்க்காமல் மாதம் இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பது பல நாடுகளில் ஊதியமாகக் கருதப்படும். வரியும் தொழிலாளர் சட்டமும் பின்னாலேயே வரும். அப்படிக் கொடுப்பதாக இருந்தால் முதலில் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

பரிசுகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. உளவியலாளர் எட்வர்டு டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், விருப்பத்தோடு புதிர் விளையாடிய மாணவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். காசு நின்ற பிறகு அதில் அவர்களுக்கிருந்த ஈடுபாடு குறையும் போக்கு தெரிந்தது. வாய்ப்பாராட்டு அப்படிக் குறைக்கவில்லை. புள்ளிகள், தரவரிசை, 'இந்த மாதச் சிறந்த தன்னார்வலர்' போட்டி எல்லாம் இதே ஆபத்துள்ளவை: ஒருவர் மகிழ்வார், இருபது பேர் தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாராட்டு குறிப்பாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. "உங்கள் சேவைக்கு நன்றி" என்பது எல்லோருக்கும் போகும் அச்சடித்த வரி. "நீங்கள் பதிவு செய்த ஒளி பற்றிய பாடத்தை 14 மாணவர்கள் தேர்வுக்கு முன் கேட்டார்கள், கண்ணாடிப் படத்தை நீங்கள் விவரித்த விதம் புரிந்தது என்றார்கள்" என்பது வேலையைப் பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடியது. இதற்குச் செலவு இல்லை, ஆனால் யாராவது பார்த்திருக்க வேண்டும், அந்த 14ஐ எண்ணியிருக்க வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 1985இல் அறிவித்த பன்னாட்டுத் தன்னார்வலர் நாள் டிசம்பர் 5இல் வருகிறது. விழா வைக்க நல்ல சாக்கு, வையுங்கள். ஆனால் தன்னார்வலர்களே நாற்காலி போட்டு, வரவேற்புக்கு நின்று, சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்டுவிட்டு, கடைசியில் இடத்தையும் பெருக்கிவிட்டுப் போவது அவர்களுக்கான விழா அல்ல. அன்றைக்கு வேலை முழுவதும் ஊழியர்களுடையதாக இருக்கட்டும்.

மாணவர்களுக்குச் சான்றிதழ் உண்மையிலேயே பயன்படும். அதில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று எழுதாமல் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, மொத்தம் எத்தனை மணி, என்ன பொறுப்பு, என்ன கற்றார் என்று எழுதுங்கள். அதற்கு வருகைப் பதிவேடு வேண்டும். கல்லூரி மதிப்பெண்ணுக்காக, நிறுவனத்தின் ஆணைக்காக வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு 2013இல் வகுத்த வரையறைப்படி தன்னார்வப் பணி என்பது ஊதியமில்லாதது, கட்டாயமில்லாதது, பிறருக்காகச் செய்யப்படுவது. கட்டாய மணிக்கணக்குக்கு வருகிறவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். அவரைக் குறைவாக நடத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் நிலைக்கவில்லை என்று கவலைப்படவும் வேண்டாம், எண்ணிக்கையைத் தனியாக வையுங்கள்.

ஊதியம் பெறும் ஊழியருக்கும் தன்னார்வலருக்கும் உரசல் வராத அமைப்பு குறைவு. ஊழியருக்குத் தன் வேலை பறிபோகுமோ என்ற பயம், கூடவே பயிற்சி கொடுக்கும் சுமை. தன்னார்வலருக்குத் தன்னை எடுபிடியாக நினைக்கிறார்கள் என்ற வருத்தம். ஊழியர் வேலையை நீக்கிவிட்டு அதே இடத்தில் தன்னார்வலரை வைப்பதில்லை என்பதை நிர்வாகக் குழு எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். தன்னார்வலரை வழிநடத்துவதை ஊழியரின் வேலை விவரத்திலேயே சேர்த்து அதற்கான நேரத்தையும் ஒதுக்க வேண்டும். வேறு வேலைகளின் இடைவெளியில் பார்த்துக்கொள்ளச் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆர்வத்தை அரிப்பதில் அதற்கு முதலிடம். இரவு 11 மணிக்கு "நாளை காலை 7க்கு 5 பேர் தேவை, யாருமே இல்லையா?" என்று வரும் செய்தி ஒரு வகைக் குற்றவுணர்வு வசூல். வருகிறவர்கள் எப்போதும் வருகிற அதே மூவர்தான். மற்றவர்கள் குழுவை ஓசையடக்கி வைத்துவிடுவார்கள், பிறகு முக்கியச் செய்தியும் போய்ச் சேராது. அறிவிப்புக்கு மட்டும் ஒரு குழு, நிர்வாகி மட்டுமே எழுதும்படி. ஆள் தேவை என்றால் தனித்தனியாகக் கேளுங்கள், குறைந்தது 5 நாள் முன்னால். 'முடியாது' என்பதற்குக் காரணம் கேட்காதீர்கள். அட்டவணை ஒரு மாதத்துக்கு முன்பே வெளியானால் அவசர அழைப்பே பெரும்பாலும் தேவைப்படாது.

மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவரைத் தனியாகக் கவனியுங்கள். எல்லா வேலையும் அவரிடம் போகும், சாவியும் அவரிடம், கடவுச்சொல்லும் அவரிடம். ஒருநாள் அவர் சோர்ந்து விலகும்போது அமைப்பே ஸ்தம்பிக்கும். வாரத்துக்கு இத்தனை மணி என்ற உச்சவரம்பு, பொறுப்புக்கு ஆறு மாதம் அல்லது ஓராண்டுத் தவணை, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணைப் பொறுப்பாளர். 'நான் இல்லாவிட்டால் நடக்காது' என்று அவரே பெருமையாகச் சொன்னாலும் விடாதீர்கள்.

பாதுகாப்பில் மூன்று இடங்கள் விட்டுப்போகின்றன. தன்னார்வலர் தன் சொந்த வண்டியில் பொருளோ ஆளோ ஏற்றிச் செல்லும்போது அவருடைய காப்பீடு அதற்குச் செல்லுமா என்று யாரும் பார்ப்பதில்லை. தூக்குவது, ஏணி ஏறுவது, வெயிலில் நிற்பது போன்றவற்றுக்குக் கையுறை, ஓய்வு, தண்ணீர் பற்றிய விதிகள் இருப்பதில்லை. மூன்றாவது மனச்சுமை: உதவி எண் தொலைபேசி, மரணப் படுக்கையில் இருப்போர் பராமரிப்பு, பேரிடர் மீட்பு ஆகியவற்றில் இது நிச்சயம். துயரச் சம்பவம் முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததையெல்லாம் சொல்லுங்கள் என்று வற்புறுத்தும் வழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவரை விட்டுவிடுங்கள். இருவர் இருவராக அனுப்புவது, முறை நேரத்தைக் குறைப்பது, இடையில் தூக்கம், ஒரு வாரம் கழித்து ஓர் அழைப்பு, தூக்கமின்மையோ நடுக்கமோ தொடர்ந்தால் மருத்துவரிடம் வழிகாட்டுவது, இவையே உதவும்.

பேரிடரில் தாமாகத் திரண்டு வருகிறவர்களைக் கையாள்வது தனிக் கலை. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ அதற்கென்றே 2017இல் 22319 என்ற எண்ணுள்ள வழிகாட்டு நெறியை வெளியிட்டது. சுருக்கமாக: தனி இடத்தில் ஒரு பதிவு மேசை, பெயரும் அவசரத் தொடர்பும் திறனும் கேட்டு எழுதுவது, அனுபவமில்லாதவருக்கு ஆபத்தில்லாத வேலை, வரும்போது போலவே போகும்போதும் கையெழுத்து. கடைசியது விட்டுப்போனால், தண்ணீர் ஏறும்போது உள்ளே யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

குறை சொல்லவேண்டி வந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்பது வேண்டாம். "கடந்த நான்கில் இரண்டு வாரம் 40 நிமிடம் தாமதம், அதுவரை 12 பிள்ளைகள் காத்திருந்தார்கள்" என்பது போதும். அதன் பிறகு பயிற்சி, பணி மாற்றம், கடைசியில் விடைகொடுத்தல். பணக் கையாடல், பாலியல் தொந்தரவு, குழந்தைகளிடம் தவறான நடத்தை என்றால் படிகள் கிடையாது. அன்றே நிறுத்தி, சட்டம் சொல்லும் இடத்தில் தெரிவிக்க வேண்டும். சம்பளம் வாங்காதவரை எப்படிப் போகச் சொல்வது என்று தயங்கித் தள்ளிப்போட்டால் அவரோடு வேலை செய்யும் நல்லவர்கள் முதலில் போவார்கள். தன்னார்வலர் தரப்புப் புகாருக்கும் வழி வேண்டும்: தன் பொறுப்பாளர் மீதே புகார் என்றால் யாரிடம் போவது என்பது முதல் நாள் தாளிலேயே இருக்கட்டும்.

அளவிட நான்கே எண்கள் போதும்: விண்ணப்பித்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் முதல் வேலை செய்தவர் எத்தனை, மூன்றாம் மாதம் இருப்பவர் எத்தனை, ஆறாம் மாதம் எத்தனை, வந்தும் வேலையில்லாமல் காத்திருந்த நேரம் எவ்வளவு. இரண்டு வாரத்துக்குள்ளேயே பெருங்கூட்டம் உதிர்ந்தால் கோளாறு உங்கள் பதில் வேகத்தில். மூன்றாம் மாதத்தில் உதிர்ந்தால் வேலையிலோ பொறுப்பாளரிடமோ பாருங்கள். ஆறுக்கு மேல் உதிர்ந்தால் பெரும்பாலும் சலிப்பு. புதிய பொறுப்போ புதிய கற்றலோ கொடுக்க வேண்டிய நேரம்.

இரண்டு முறை தொடர்ந்து வராதவரை அழைத்து, "நலமா?" என்று முதலில் கேளுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். விலகுகிறேன் என்றால் மூன்று கேள்வி: எது நன்றாக இருந்தது, எது நேரத்தை வீணாக்கியது, எதை மாற்றினால் இன்னொருவர் நிலைப்பார். பதிலை அவர் பெயர் போடாமல் எழுதி வையுங்கள். அன்றே சாவி, அடையாள அட்டை, பயனாளிகளின் தொலைபேசிப் பட்டியல் ஆகியவற்றைத் திரும்பப் பெற்று, கடவுச்சொற்களை மாற்றி, குழுக்களிலிருந்து நீக்குங்கள். நீக்குவதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் துரத்தியதுபோல் படும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை அழைக்கலாமா என்று கேட்டு, சரி என்றவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.